கோப்பின் முகம்

கணினித் திரையில் ஒரு கோப்பின் பெயருக்கு மேலே காணப்படும் சிறு படம் பேச்சு வழக்கில் ஐகான் எனவும் கணினித் தமிழில் படவுரு எனவும் வழங்குகிறது. அது கோப்போடு ஒட்டிப் பிறந்ததைப் போலத் தோன்றினாலும், பெரும்பாலான கோப்புகளுக்குள் அப்படியொரு படம் இருப்பதே இல்லை. எழுத்துகள் மட்டுமே கொண்ட ஓர் உரைக் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தாலும், கோடு போட்ட தாளைப் போன்ற அந்தப் படத்தின் ஒரு புள்ளிகூட அதில் அகப்படாது. கோப்புறை ஒன்று திறக்கப்படும்போது, அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் எந்தப் படத்தைக் காட்டுவது என்று இயங்குதளம் சில குறிப்பிட்ட இடங்களில் கேட்டறிந்து, கிடைத்த விடையைத் திரையில் வரைகிறது. ஆகவே படவுருவை மாற்றுதல் என்பது பெரும்பாலும் கோப்பை மாற்றுவதன்று. அந்தக் கேள்விக்குரிய விடையை மாற்றுவதேயாகும். அந்த விடை நிரலுக்கு ஓரிடத்திலும் கோப்புக்கு வேறோரிடத்திலும் கோப்புறைக்கு இன்னோரிடத்திலும் எழுதப்பட்டிருப்பதால்தான், சிலவற்றின் படத்தை நொடியில் மாற்ற முடிகிறது, சிலவற்றை மாற்றவே வழியில்லாமல் போகிறது, சில மாற்றிய பின்னும் பழைய முகத்தையே காட்டிக்கொண்டு நிற்கின்றன.

‘ஐகான்’ என்ற சொல் கணினித் துறைக்குள் நுழைந்தது 1975ஆம் ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் வழியாக. உருவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்து, கிழக்கத்தியத் திருச்சபையினர் வணங்கும் புனிதர் படங்களுக்குப் பெயராக நின்ற சொல் அது. வெறும் சாயலாக நின்றுவிடாமல், தான் குறிக்கும் பொருளின் தன்மையையும் தன்னுள் கொண்ட படம் என்ற கருத்தே ஸ்மித்துக்கு அதில் பிடித்துப்போனது. பின்னர் அவர் பங்கேற்று உருவாக்கி, ஜெராக்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘ஸ்டார்’ கணினியில், தாள், கோப்புறை, அச்சுப்பொறி, வரும் அஞ்சலுக்கும் போகும் அஞ்சலுக்குமான தட்டுகள் என ஓர் அலுவலக மேசையே திரையில் ஏறியது. தாளின் படத்தை அச்சுப்பொறியின் படத்திடம் சேர்த்தால் தாள் அச்சாகி வந்தது. ஸ்டார் விலை மிகுந்த கருவியாதலால் அலுவலகங்களைத் தாண்டவில்லை. படவுருக்களைப் பொதுமக்களின் மேசைக்குக் கொண்டுவந்தது 1984இல் வெளியான ஆப்பிளின் மேக்கின்டோஷ்.

மேக்கின்டோஷுக்காகப் படவுருக்களை வரைந்த சூசன் கேர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர், கலை பயின்றவர். கட்டம் போட்ட தாளில் 32 கட்ட அகலமும் 32 கட்ட உயரமும் கொண்ட சதுரத்துக்குள் சில கட்டங்களை நிரப்பியும் சிலவற்றை வெறுமையாக விட்டும் அவர் உருவங்களை அமைத்தார். மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு, அல்லது வெள்ளை. ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் கணக்கிட்டால், ஒரு முழுப் படத்துக்கு ஆகும் இடம் 128 பைட் மட்டுமே. இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறியீடும் மூன்று பைட் பிடிப்பதால், அதே இடத்தில் 42 குறியீடுகளுக்குமேல் எழுத முடியாது என்பதோடு ஒப்பிட்டால், அந்தச் சிக்கனத்தின் அளவு விளங்கும். கட்டங்களை எண்ணி எண்ணி வைக்கும் இந்தக் கலையின் அருமையை உணர்ந்தவர்கள் ஆப்பிளில் மட்டும் இருக்கவில்லை. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0க்கான படவுருக்கள் பலவற்றையும், அதனுடன் வந்த சாலிடேர் விளையாட்டின் சீட்டுக்கட்டையும் வடிவமைத்தவர் அதே சூசன் கேர்தான்.

விண்டோஸில் படவுருக்களைத் தாங்கும் கோப்புவகைக்கு ஐசிஓ என்று பெயர். சாதாரணப் படக்கோப்பு ஒரே ஒரு படத்தைக் கொண்டிருக்க, ஐசிஓ கோப்போ ஒரே உருவத்தின் பல அளவுகளைத் தன்னுள் அடுக்கிவைத்திருக்கும் ஒரு சிறு பேழையாகும். அதன் முதல் ஆறு பைட்டுகள் இது படவுருக் கோப்பு என்பதையும் உள்ளே எத்தனை படங்கள் இருக்கின்றன என்பதையும் அறிவிக்கும். அடுத்து ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட் வீதம் ஓர் அட்டவணை, அந்தப் படத்தின் அகலம், உயரம், வண்ண ஆழம், அது எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பவற்றைச் சொல்லும். அதன்பின் படங்கள் வரிசையாக வரும். ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த 32க்கு 32 அளவுள்ள 16 வண்ணப் படவுருவை எடுத்துக்கொண்டால், தலைப்புக்கு 6, அட்டவணைக்கு 16, படத்தின் விவரக் குறிப்புக்கு 40, வண்ணப் பட்டியலுக்கு 64, படத்துக்கு 512, கடைசியாக வரும் மறைப்புக்கு 128 எனக் கூட்டினால் 766 பைட் வரும். பழைய விண்டோஸ் கணினிகளில் படவுருக் கோப்புகளைச் சேர்த்துவைத்தவர்கள் அந்த 766 என்ற எண்ணைப் பட்டியல் முழுதும் கண்டிருப்பார்கள்.

அந்தக் கடைசி 128 பைட்டில்தான் நுட்பம் இருக்கிறது. படவுரு சதுரமானது, ஆனால் அதிலுள்ள உருவம் சதுரமாக இருக்க வேண்டியதில்லை. குப்பைத்தொட்டியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பின்னணித் திரை தெரிய வேண்டும். ஒளி ஊடுருவும் வண்ணம் என்று ஒன்று அக்கால வண்ணப் பட்டியல்களில் இல்லாததால், வடிவமைப்பாளர்கள் இரண்டு படங்களை அடுத்தடுத்து வரையும் உபாயத்தைக் கையாண்டனர். முதலில் கறுப்பு வெள்ளையாலான மறைப்பு, திரையிலுள்ள புள்ளிகளோடு ‘அண்ட்’ என்னும் தருக்கச் செயலால் சேர்க்கப்படும். மறைப்பில் பூச்சியம் உள்ள இடங்களில் திரை கறுப்பாகி உருவத்துக்கான பள்ளம் ஏற்படும், ஒன்று உள்ள இடங்களில் பின்னணி அப்படியே நிற்கும். பின்னர் வண்ணப்படம் ‘எக்ஸார்’ என்னும் செயலால் அதன்மேல் இடப்படும். பள்ளத்தில் வண்ணம் நிறையும், மற்ற இடங்களில் படம் கறுப்பாக இருப்பதால் பின்னணிக்கு ஒரு மாற்றமும் நேராது. மறைப்பில் ஒன்றும் வண்ணப்படத்தில் வெள்ளையும் ஒருசேர வந்தால் பின்னணியின் வண்ணம் தலைகீழாகும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படிகளில் ஒளி ஊடுருவும் அளவைக் குறிக்க இடம் தந்தபின் இந்த உபாயத்துக்குத் தேவை குறைந்துவிட்டது. எனினும் கோப்பின் அமைப்பில் மறைப்புக்குரிய இடம் இன்னும் விடப்பட்டே வருகிறது.

ஒரே உருவத்தைப் பல அளவுகளில் ஏன் வைக்க வேண்டும், பெரியதொன்றை வைத்துக்கொண்டு வேண்டும்போது சுருக்கிக்கொள்ளலாகாதா என்ற கேள்வி எழக்கூடும். 32 கட்ட அகலத்தை 16 ஆகக் குறைக்கும்போது நான்கு புள்ளிகள் ஒன்றாக வேண்டியிருப்பதால், ஒரு புள்ளி தடிமனுள்ள கோடு பாதிப் புள்ளியாக மங்கிச் சாம்பல் நிறத் தூசாகிவிடும். எனவே தேர்ந்த வடிவமைப்பாளர்கள் சிறிய அளவைச் சுருக்கிப் பெறுவதில்லை. நுணுக்கங்களைக் களைந்து தனியே வரைகிறார்கள். மறுமுனையில், விண்டோஸ் விஸ்டா கொண்டுவந்த 256க்கு 256 அளவு, புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 2,62,144 பைட் கேட்பதால், அந்த ஓர் அளவை மட்டும் பிஎன்ஜி முறையில் சுருக்கி உள்ளே வைக்கும் ஏற்பாடு வந்தது. அட்டவணையில் அகலத்துக்கு ஒதுக்கிய ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாதாகையால், அங்கே பூச்சியம் இருந்தால் 256 என்று பொருள்கொள்ள வேண்டும் என்பது விதி. பிடித்த புகைப்படத்தின் பெயரில் பின்னொட்டை மட்டும் ஐசிஓ என்று திருத்தி, அது படவுருவாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவதற்குக் காரணம், இத்தனை உள்ளமைப்பும் பெயரை மாற்றுவதால் உண்டாகிவிடுவதில்லை என்பதே.

விண்டோஸில் தன் படத்தைத் தன்னுள்ளேயே சுமப்பவை இஎக்ஸ்இ என்னும் பின்னொட்டுள்ள நிரல் கோப்புகள். அவற்றின் உடலில் கட்டளைகளுக்கு அப்பால் ‘ரிசோர்ஸ்’ எனப்படும் வளப்பகுதி ஒன்று உண்டு. பட்டியல்கள், உரையாடல் பெட்டிகள் ஆகியவற்றோடு படவுருத் தொகுதிகளும் அதில் இருக்கும். பல தொகுதிகள் இருந்தால் வரிசையில் முதலாவதே நிரலின் முகமாகிறது. ரிசோர்ஸ் ஹேக்கர் போன்ற கருவிகளால் அப்பகுதியைத் திறந்து படத்தை மாற்ற முடியும். ஆனால் இங்கு கோப்பே மாறிப்போவதால், வெளியிட்ட நிறுவனம் அதன்மேல் இட்ட மின்னொப்பம் செல்லாததாகிவிடும். அடுத்த புதுப்பிப்பில் பழைய படமும் திரும்பிவிடும். எனவே நிரலைத் தொடாமல் அதற்கான குறுக்குவழியின் படத்தை மாற்றுவதே அறிவுடைமை. குறுக்குவழி என்பது எல்என்கே என்னும் பின்னொட்டுள்ள சிறு கோப்பு. உண்மை நிரல் எங்கே இருக்கிறது என்ற முகவரியோடு, படத்துக்கு எந்தக் கோப்பின் எத்தனையாவது படவுருவை எடுக்க வேண்டும் என்ற குறிப்பையும் அது வைத்திருக்கிறது. அதன்மேல் வலது சொடுக்கில் ‘பிராப்பர்டீஸ்’ சென்று ‘சேஞ்ச் ஐகான்’ பொத்தானை அழுத்தும்போது மாறுவது அந்த ஒரு குறிப்பு மட்டுமே.

தனியொரு உரைக் கோப்புக்கோ பிடிஎஃப் கோப்புக்கோ ‘பிராப்பர்டீஸ்’ திறந்தால் அத்தகைய பொத்தான் காணப்படாது. பலரைக் குழப்பும் இடம் இது. விண்டோஸ் அங்கே படத்தைத் தீர்மானிப்பது கோப்பை வைத்தன்று, கோப்பின் இனத்தை வைத்தே. பெயரின் பின்னொட்டை எடுத்துக்கொண்டு ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் பதிவேட்டில் தேடி, டிஎக்ஸ்டி என்பது ‘டிஎக்ஸ்டிஃபைல்’ என்ற இனத்தைச் சேர்ந்தது என்று கண்டு, அந்த இனத்துக்குரிய ‘டிஃபால்ட்ஐகான்’ என்ற பதிவை வாசிக்கிறது. அங்கே ‘இமேஜ்ரெஸ்.டிஎல்எல், -102’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். விண்டோஸின் பொதுப் படக் களஞ்சியங்களுள் ஒன்றான அக்கோப்பில் 102 என்ற அடையாள எண்ணுள்ள படவுருவை எடு என்பது அதன் பொருள். எண்ணுக்குமுன் கழித்தல் குறி இருந்தால் அது அடையாள எண். இல்லாவிட்டால் பூச்சியத்திலிருந்து எண்ணிவரும் வரிசை எண். இனத்துக்கு ஒரே படம் என்பதால்தான், பிடிஎஃப் கோப்புகளை இனி உலாவியில் திறக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டதுமே, கணினியிலுள்ள அத்தனை பிடிஎஃப் கோப்புகளும் ஒரே நேரத்தில் உலாவியின் முத்திரையை அணிந்துகொள்கின்றன. கோப்புகளில் ஒரு பைட்டும் மாறியிருக்காது; பதிவேடு அவற்றை வேறோர் இனத்தின் பொறுப்பில் விட்டிருக்கும், அவ்வளவே.

கோப்புறையின் கதை வேறு. அதன் படத்தை மாற்றும்போது, ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்ற மறைவான உரைக் கோப்பு ஒன்று கோப்புறைக்குள்ளேயே உண்டாக்கப்பட்டு, படம் இருக்குமிடம் அதில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. எல்லாக் கோப்புறைகளிலும் இந்தக் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை மந்தமாகும் என்பதால், ‘படிக்க மட்டும்’ அல்லது ‘சிஸ்டம்’ என்ற பண்பு இடப்பட்ட கோப்புறைகளில் மட்டுமே விண்டோஸ் அதைத் திறந்து பார்க்கிறது. ‘படிக்க மட்டும்’ என்பது கோப்புறையைப் பொறுத்தவரை எழுதத் தடையன்று; இங்கே சிறப்புக் குறிப்பு உண்டு என்று காட்டும் கொடியே. அழகாகப் படம் மாற்றிய கோப்புறையைப் பென் டிரைவில் இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனால் மீண்டும் மஞ்சள் நிறமாகிவிடுவது, அந்த வரியில் எழுதப்பட்ட இடத்தில் அக்கணினியில் படம் இல்லாததால்தான். ஐசிஓ கோப்பை அதே கோப்புறைக்குள் வைத்து, அந்த வரியில் முழு முகவரியை நீக்கிவிட்டுப் படத்தின் பெயரை மட்டும் விட்டால், படமும் கோப்புறையோடு பயணம் செய்யும்.

முறையாக மாற்றிய பின்னும் பழைய படம் போகாமல் நிற்பது விண்டோஸ் பயனர்களின் நெடுநாள் மனக்குறை. நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒவ்வொரு முறையும் பதிவேட்டையும் நிரல்களையும் விசாரிப்பது காலம் பிடிக்கும் வேலையாதலால், ஒருமுறை கண்டெடுத்த படங்களை இயங்குதளம் தனியே ஒரு தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே எடுத்துக் காட்டுகிறது. மூல இடத்தில் விடை மாறியிருப்பது இந்தச் சேமிப்புக்குத் தெரியாதபோது பழைய முகம் தொடர்கிறது. ‘ஐகான்கேஷ்’ என்று பெயர் தொடங்கும் கோப்புகளே இந்தச் சேமிப்பு. அவற்றை நீக்கினால் கணினி புதிதாக விசாரித்து நிரப்பிக்கொள்ளும். மேக்கின்டோஷும் இதே நோயை முன்பே கண்டது. அங்கே ஒவ்வொரு கோப்பும் தன் வகையையும் தன்னை ஆக்கிய நிரலையும் குறிக்கும் இரண்டு நான்கெழுத்துக் குறியீடுகளைப் பெற்றிருக்க, எந்தக் குறியீட்டுக்கு எந்தப் படம் என்ற தகவல் ஒரு மறைவான கோப்பில் தொகுக்கப்பட்டிருந்தது. அது குழம்பி எல்லாக் கோப்புகளும் வெற்றுத் தாளாகத் தெரியத் தொடங்கினால், கணினியைத் தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன் விசைகளை அழுத்திப் பிடித்து அந்தத் தொகுப்பை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

ஆனால் தனியொரு கோப்புக்குத் தனியொரு முகம் தரும் உரிமையை 1991இல் வந்த மேக் ‘சிஸ்டம் 7’ வழங்கிவிட்டது. கோப்பின் தகவல் பலகையைத் திறந்து, அதிலுள்ள படவுருவைச் சொடுக்கி, நகலெடுத்துவந்த படத்தை ஒட்டினால் போதும்; அந்த வழி இன்றும் செல்லுபடியாகிறது. படம் கோப்பின் உள்ளடக்கத்தில் கலவாமல், அதனோடு இணைந்த வேறோர் அறையில் தங்கிவிடும். கோப்புறையாயின் ‘ஐகான்’ என்ற பெயருடைய மறைவான கோப்பில் தங்கும், அப்பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரித்திருப்பக் குறியும் சேர்ந்திருக்கும். மேக்கில் பயன்படுத்திய பென் டிரைவை விண்டோஸ் கணினியில் திறக்கும்போது, புள்ளியும் அடிக்கோடும் முன்னே நிற்கும் விளங்காத சிறு கோப்புகள் காணப்படுவதுண்டு. அந்த இரண்டாம் அறைக்கு இடமில்லாத வட்டில் மேக் அதைத் தனிக் கோப்பாக இறக்கிவைத்ததன் விளைவே அவை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றினுள் கருத்துத் தெளிவு மிகுந்தது லினக்ஸின் ஏற்பாடு. அங்கே நிரல் கோப்புக்குள் படம் வைக்கும் வழக்கமே இல்லை. நிரலைப் பட்டியலில் காட்டும் குறிப்புக் கோப்பு தனக்கு வேண்டிய படவுருவின் பெயரை மட்டும் சொல்ல, அப்பெயருக்குரிய படத்தைப் பயனர் தேர்ந்த படத்தொகுப்பு வழங்குகிறது. தொகுப்பை மாற்றினால் திரை முழுதும் ஒரே நேரத்தில் வேறு கோலம் கொள்கிறது. கைபேசிகளில் ஆண்ட்ராய்டின் முகப்புச் செயலிகள் பல இதே வழியைப் பின்பற்ற, ஐபோன் பயனர்களோ 2020இல் குறுக்குவழிச் செயலியைக் கொண்டு சுற்றிவளைத்தே தங்களுக்குப் பிடித்த படங்களை முகப்பில் ஏற்ற வேண்டியிருந்தது.

படம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்க முடியும் என்ற இந்தச் சுதந்திரத்தைத் தீயவர்களும் பயன்படுத்திக்கொண்டனர். நிரல் தன் முகத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. விண்டோஸோ தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்துவைக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தபோது, மஞ்சள் கோப்புறைப் படத்தை அணிந்த இஎக்ஸ்இ கோப்பு, கோப்புறை என்றே நம்பப்பட்டு இருமுறை சொடுக்கப்பட்டது. பென் டிரைவ் வழியே பரவிய நச்சுநிரல்கள் பல இந்த ஒரு வேடத்தாலேயே வாழ்ந்தன. 2010இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. கட்டுப்பாட்டுப் பலகையின் உறுப்புகளுக்கான குறுக்குவழிகளில், படத்தைத் தரும்படி கேட்பதற்காகவே விண்டோஸ் அவ்வுறுப்பின் நிரலை நினைவகத்தில் ஏற்றும் வழக்கம் இருந்தது. அந்த இடத்தில் நச்சுநிரலின் முகவரியை எழுதிவைத்தால், பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை, கோப்புறையைத் திறந்து படவுருக்கள் வரையப்பட்டாலே நச்சு இயங்கிவிடும். மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு ஆகஸ்டில் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. அது முழுமையானதன்று எனத் தெரிந்து 2015 மார்ச்சில் மீண்டும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது.

எனவே விண்டோஸில் படவுருக்களை விரும்பியபடி மாற்றிக்கொள்வோர், ‘வியூ’ பட்டியலுக்குச் சென்று பின்னொட்டுகளைக் காட்டும் அமைப்பையும் உடன் இயக்கிவிடுவது நல்லது. படம் எதுவாயினும் இஎக்ஸ்இ என்ற எழுத்துகள் அப்போது கண்ணில் படும். இதற்கும் அடங்காத ஒரு விதிவிலக்கு உண்டு. குறுக்குவழியின் எல்என்கே என்ற பின்னொட்டை அந்த அமைப்பை இயக்கிய பின்னும் விண்டோஸ் காட்டாது. படங்களாகப் பார்க்கும் காட்சியில் அது குறுக்குவழி என்பதற்குரிய ஒரே அடையாளம் இடது மூலையில் நிற்கும் சிறு அம்புக்குறிதான். அழகைக் கெடுக்கிறது என்று பதிவேட்டைத் திருத்தி அந்த அம்பை நீக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை மட்டும் செய்யாதிருப்பது மேல்.